ஒரு சாண் இடைவெளி

விபத்து நடந்த காலையில் தாரணி ஒரு விதியைக்கூட மீறவில்லை.

தலையில் மஞ்சள் ஹெல்மெட். முதுகில் வெளிச்சம் பட்டால் மினுங்கும் பட்டை. பட்டப்பகலிலும் எரிந்துகொண்டிருக்கும் முன்விளக்கு, பின்விளக்கு. சாலையின் இடது ஓரத்தில் சைக்கிளுக்கென்று கோடு போட்டு ஒதுக்கிய இரண்டடிக்குள் நூல் பிடித்தாற்போல் போய்க்கொண்டிருந்தாள். சிங்காநல்லூரைத் தாண்டி ஒண்டிப்புதூர் போகும் வழியில் ஒரு பம்ப் கம்பெனியில் மோட்டாருக்குக் கம்பி சுற்றும் வேலை அவளுக்கு. எட்டு மணி ஷிப்டுக்கு ஏழே முக்காலுக்கே கேட்டில் நிற்பவள்.

பின்னால் வந்த, ஓட்டுநர் இல்லாமல் தானே ஓடும் ஆளில்லாக் கார் ஒன்று அவளுடைய முழங்கையிலிருந்து சரியாக ஒரு சாண் விட்டுத் தாண்டியது. அதே நேரத்தில் அவளுடைய முன்சக்கரம் சாக்கடை மூடியின் உடைந்த விளிம்பில் ஏறி இறங்கியது. கை ஒரு சாண் ஆடியிருக்கும், அவ்வளவுதான். கார் அவளைத் தட்டிக் கீழே தள்ளிவிட்டது. அதை ஒட்டியே வந்த ஆளில்லா வேன் ஒன்று, நிற்பதற்குள் அவளுடைய இடது பாதத்தின் மேல் ஏறிவிட்டது.

ஆம்புலன்ஸ் வரப் பதினோரு நிமிஷம் ஆனது. வண்டிக் கம்பெனியின் விபத்து அறிக்கை நான்கே நிமிஷத்தில் அவளுடைய போனுக்கு வந்துவிட்டது. 'சைக்கிள் ஓட்டியவர் எதிர்பாராத விதமாக விலகினார். வாகனத்தின் பேரில் தவறில்லை. விரைவில் நலம்பெற வாழ்த்துகிறோம்.' அதன் கீழே சிரிக்கும் ஒரு மஞ்சள் முகம்.

அவளோடு வேலை பார்க்கும் ரோஸ்லின் பத்தடி பின்னால் சைக்கிளில் வந்துகொண்டிருந்தாள். தாரணியின் தலையை மடியில் வைத்துக்கொண்டு, கையில் ரத்தத்தோடு, அந்த அறிக்கையைப் படித்தவள் அவள்தான். படித்துவிட்டுக் கோகிலவாணிக்குப் போன் செய்தாள்.

கோகிலவாணிதான் அவர்கள் இருவருக்கும் சைக்கிள் பயிற்சி கொடுத்தவள். பள்ளிக்கூடத்தில் விளையாட்டு டீச்சராக இருந்து, அந்த வேலையை விட்டுவிட்டு, பதினோரு வருஷமாக ஆலைப் பெண்களுக்கு நகரத்து ரோட்டில் பத்திரமாக ஓட்டக் கற்றுக்கொடுத்து வருகிறாள். நாற்பத்தெட்டு வயது. கழுத்தில் எப்போதும் ஒரு விசில் தொங்கும். நிறுத்தியிருக்கும் வண்டியின் கதவு எந்த நேரமும் திறக்கும், ஒரு கை தூரம் தள்ளிப் போ. லாரிக்கு இடப்பக்கம் நுழையாதே. திரும்புவதற்கு முன்னால் தோளுக்கு மேல் பார், கையைக் காட்டு. எல்லாவற்றுக்கும் மேலாக, ஆடாதே, நேராகப் போ. மைதானத்தில் யாராவது வளைந்து நெளிந்தால் விசில் காதைக் கிழிக்கும். ஆயிரத்துக்கும் மேற்பட்ட பெண்கள் அந்த விசிலுக்குப் பயந்து நேராக ஓட்டப் பழகியிருந்தார்கள். அவர்களில் தாரணியைப் போல நேராக ஓட்டியவள் யாருமில்லை.

ஆஸ்பத்திரியில் தாரணி கண் விழித்தபோது கோகிலவாணி பக்கத்தில் உட்கார்ந்திருந்தாள். கணுக்காலுக்குக் கீழே போர்வை தட்டையாகக் கிடந்தது.

"டீச்சர், மன்னிச்சுக்கங்க," என்றாள் தாரணி. "நீங்க சொன்ன மாதிரியேதானுங்க ஓட்டுனேன். அந்த ஒரு எடத்துல கை ஆடிப்போச்சுங்க."

கோகிலவாணிக்கு வாயில் சொத்தைக் கடலையைக் கடித்தாற்போல் ஒரு கசப்பு பரவியது. காலை இழந்தவள் தன்னிடம் மன்னிப்புக் கேட்கிறாள். கேட்க வைத்தது தன் விசில்தான் என்று தோன்றியது. "நீ எதுக்கு அம்மிணி மன்னிப்புக் கேக்கறே," என்று சொல்லிவிட்டு வெளியே வந்தாள்.

வராந்தாவில் ரோஸ்லின் நின்றிருந்தாள். மனதில் பட்டதைச் சுற்றி வளைக்காமல் கேட்பவள் அவள்.

"டீச்சர், ஒண்ணு கேட்டாத் தப்பா நினைக்க மாட்டீங்களே. உங்க கிளாஸுக்கு வராதவங்க யாராச்சும் ஆளில்லா வண்டியில அடிபட்டுப் பாத்திருக்கீங்களா?"

"என்ன சொல்ல வர்றே?"

"ஒண்ணும் சொல்லலீங்க. போன வருஷம் எங்க கம்பெனியில ரெண்டு பேரு அடிபட்டாங்க. ரெண்டு பேரும் நம்ம கிளாஸுல குடுத்த மஞ்சள் ஹெல்மெட் போட்டவங்க. கேண்டீனுக்கு வாழையிலை கொண்டாற தாத்தா லைட்டும் இல்லாம, பிரேக்கும் இல்லாம, பாதி நாள் தண்ணியப் போட்டுட்டு வர்றாரு. அவரு கிட்ட ஒரு வண்டியும் போறதில்லைங்க."

அந்தக் கேள்வி கோகிலவாணியை விடவில்லை. மறுநாள் காலை ரோட்டோரத்தில் ஒரு பேக்கரி வாசலில் நின்று பார்த்தாள். ரோஸ்லின் சொன்ன தாத்தா வந்தார். பின்னால் இலைக்கட்டு ஒரு பக்கமாகச் சரிந்திருந்தது. சைக்கிள் கோட்டுக்கு உள்ளேயும் வெளியேயும் பாம்பு போலப் போனது. அவரைக் கண்டதும் கார்கள் அரை ரோட்டை விட்டு ஒதுங்கின, ஒன்று நின்றேவிட்டது. அவருக்குப் பின்னால் மஞ்சள் ஹெல்மெட்டோடு ஒரு பெண் வந்தாள். கோகிலவாணியின் பழைய மாணவி. கார்கள் அவளுடைய சேலையை உரசுகிற மாதிரி சீறிக்கொண்டு போயின. அவள் பல்லைக் கடித்துக்கொண்டு நேராகப் போய்க்கொண்டிருந்தாள்.

கோகிலவாணி ஒரு வாரம் தானே ஓட்டிப் பார்த்தாள். கேரியரில் குறுக்காக ஒரு மீட்டர் ஸ்கேலைக் கட்டி, அதன் மேல் ஒரு சின்னக் காமிராவை வைத்துக்கொண்டாள். மூன்று நாள் மஞ்சள் ஹெல்மெட், விளக்கு, நேர்கோடு. மூன்று நாள் வெறுந்தலை, விளக்கில்லாமல், குடித்தவளைப் போல ஆட்டம். நேராக ஓட்டிய நாட்களில் வண்டிகள் விட்ட இடம் ஒரு சாண், அதிகம் போனால் ஒன்றரை. ஆடிய நாட்களில் ஐந்தடிக்குக் குறைந்ததே இல்லை.

அந்தப் படங்களை எடுத்துக்கொண்டு அவள் 'வழித்துணை'யின் அலுவலகத்துக்குப் போனாள். நகரத்தில் ஓடும் ஆளில்லா வண்டிகளுக்கெல்லாம் மூளை அவர்களுடையதுதான். ஏழு வருஷத்துக்கு முன்னால் வந்தார்கள். மஞ்சள் ஹெல்மெட், பட்டை, விளக்கு எல்லாம் கோகிலவாணியின் மாணவிகளுக்கு இலவசமாகக் கொடுப்பதும் அவர்களே. நல்ல மனசுக்காரர்கள் என்று மேடையில் பலமுறை நன்றி சொல்லியிருக்கிறாள்.

ஆதிரன் என்ற இன்ஜினியர் அவளைப் பார்க்க வந்தான். முப்பது வயதிருக்கும். மரியாதையானவன். தன் கையாலேயே டீ கொண்டுவந்து வைத்தான். இல்லவே இல்லை என்று சாதிப்பார்கள் என நினைத்து, அதற்குப் பதிலெல்லாம் யோசித்துக்கொண்டு வந்திருந்தாள் அவள். அவன் படங்களைப் பார்த்துவிட்டுத் தலையை ஆட்டினான்.

"நீங்க கண்டுபிடிச்சது சரிதான் மேடம். நான் மறைக்க மாட்டேன்."

"அப்படின்னா?"

"ஒருத்தரைத் தாண்டும்போது எவ்வளவு இடம் விடறதுங்கறதுதான் வண்டிக்குப் பெரிய கேள்வி. அவர் அடுத்த ரெண்டு செகண்ட்ல என்ன பண்ணுவார்னு தெரியலைன்னா நிறைய விடணும். தெரிஞ்சா கொஞ்சம் போதும். குடிச்சவர் எந்தப் பக்கம் சாய்வார்னு வண்டிக்குத் தெரியாது. உங்க மாணவிங்க என்ன செய்வாங்கன்னு நல்லாத் தெரியும். அவங்க மேல வண்டிக்கு நம்பிக்கை அதிகம்."

"நம்பிக்கை இருந்தா ஒட்டிக்கிட்டுப் போகுமா?"

"ரோட்டுல இடம் மிச்சமாகுது இல்லைங்களா."

கோகிலவாணி டீயைத் தொடவில்லை. "ஹெல்மெட்டை எப்படி அடையாளம் தெரியுது? மஞ்சள் நிறம் யார் வேணும்னாலும் போடலாமே."

"பின்பக்கம் சின்னதாக் கட்டம் போட்ட ஒரு பட்டை இருக்கு பாருங்க. அது அழகுக்குப் போட்டதில்லை. பயிற்சி முடிச்சவர்னு வண்டிக்குச் சொல்றது. அப்புறம்," என்று இழுத்தான்.

"சொல்லுங்க தம்பி."

"ஹெல்மெட் போட்டவங்க விழுந்தாலும் உயிர் போக வாய்ப்பு கம்மி. அதையும் சேர்த்துத்தான் இடைவெளியைக் கணக்குப் பண்ணுது."

அறை சில்லென்று இருந்தது. ஏசிக் காற்றில் மல்லிகை வாசனை ஏதோ கலந்திருந்தது. தலையைக் காப்பாற்றிக்கொள்ள மாட்டிய ஹெல்மெட்டை, இவளை நெருக்கலாம், விழுந்தாலும் சாகமாட்டாள் என்று எழுதிய பலகையாக ஆக்கியிருக்கிறார்கள். அதைத் தன் கையால் ஒவ்வொரு தலையிலும் மாட்டி, தாடைக்குக் கீழே வாரை இழுத்துப் பூட்டியவள் அவள்.

"இது தப்புன்னு உங்களுக்குத் தோணலையா?"

"ஆரம்பத்துல தோணுச்சுங்க மேடம். ஆனா ஆள் ஓட்டின காலத்துல இந்த ஊர்ல வருஷத்துக்கு நூத்தம்பது சைக்கிள்காரங்க செத்தாங்க. போன வருஷம் ஒன்பது பேர். அதை நினைச்சுக்குவேன்."

அதை அவளாலும் இல்லையென்று தள்ள முடியவில்லை. பிறகு கேட்டாள், "அந்த ஒன்பது பேர்ல மஞ்சள் ஹெல்மெட் எத்தனை?"

அவன் திரையில் தேடினான். "எட்டு."

பேச்சை மாற்றவோ என்னவோ, அவன் சுவரில் நகரத்தின் வரைபடம் ஒன்றைக் காட்டினான். சில பகுதிகள் இளம்பச்சையாக இருந்தன. சிங்காநல்லூர், பீளமேடு, கணபதி. "இதெல்லாம் நீங்க கிளாஸ் எடுத்த இடம். காலையில இங்கே வண்டிங்க மூணு நிமிஷம் சீக்கிரம் போய்ச் சேருது. உங்களால வந்த மாற்றம் மேடம் இது. இந்த வருஷம் உங்களைக் கூப்பிட்டு மரியாதை செய்யணும்னுகூடப் பேசிக்கிட்டிருக்காங்க."

"அந்த மூணு நிமிஷத்துல உள்ளே உட்கார்ந்திருக்கறவங்க என்ன பண்ணுவாங்க தம்பி?"

அவன் உண்மையாகவே யோசித்தான். "பெரும்பாலும் தூங்குவாங்க மேடம்."

வெளியே வந்து, கட்டடத்துக் காவலாளியிடம் கேட்டு, தோட்டத்துக் குழாயில் வாயைக் கொப்பளித்தாள். எவ்வளவு கொப்பளித்தும் கசப்பு போகவில்லை. அவனைத் திட்டியிருந்தாலாவது தீர்ந்திருக்கும். திட்டுகிற மாதிரி அவன் நடந்துகொள்ளவில்லை என்பதுதான் அவளுக்கு எல்லாவற்றையும்விட அருவருப்பாக இருந்தது.

ஞாயிற்றுக்கிழமை மைதானத்துக்கு எழுபது பெண்கள் வந்தார்கள். கோகிலவாணி எதையும் மிச்சம் வைக்காமல் சொன்னாள். தான் நன்றி சொன்ன மேடைகளையும் சேர்த்துச் சொன்னாள்.

"நாங்க தலைக்குப் போட்டோம்," என்றாள் ரோஸ்லின். "அவனுங்க அதை எங்களுக்கு மாட்டுன கழுத்துமணி மாதிரி பாத்திருக்கானுங்க."

"ஹெல்மெட்டை எறிஞ்சிரலாமுங்களா டீச்சர்?" என்று ஒருத்தி கேட்டாள்.

"எறியக் கூடாது. மண்டை நம்மளது," என்றாள் கோகிலவாணி. "பின்னால இருக்கற கட்டம் போட்ட பட்டையை மட்டும் சுரண்டிட்டுக் கறுப்புப் பெயின்ட் அடிப்போம். அது மட்டும் பத்தாது. நேரா ஓட்டற வரைக்கும் அது நம்மளைக் கண்டுபிடிச்சிரும்."

அன்றைக்கு அவள் பதினோரு வருஷத்தில் செய்யாததைச் செய்தாள். வளைந்து ஓட்டக் கற்றுக்கொடுத்தாள். நான்கு மிதி நேராக, பிறகு ஒரு முழம் வலது பக்கம், மறுபடி உள்ளே. நேராகப் போனவர்களுக்கு விசில் அடித்தாள். பெண்கள் முதலில் சிரித்தார்கள். இத்தனை வருஷம் வீட்டிலும் ஆலையிலும் ரோட்டிலும் ஒழுங்காக இருந்தவர்களுக்கு, தாறுமாறாக ஓட்டுவது லேசில் வரவில்லை. இரண்டு பேர் நிஜமாகவே விழுந்தார்கள். கடைசிச் சுற்றில் சிரிப்பு நின்றுவிட்டது. உயிரோடு இருப்பதற்காகக் குடிகாரியைப் போல நடிக்க வேண்டியிருக்கிறது என்பது ஒவ்வொருத்திக்கும் உறைத்திருந்தது. ஒருத்தி சைக்கிளை ஸ்டாண்டு போட்டுவிட்டு ஓரமாகப் போய்க் காறித் துப்பினாள்.

ஆனால் பலித்தது. மூன்று வாரம் ஆளில்லா வண்டிகள் கறுப்பு ஹெல்மெட்டுகளைக் கண்டால் ஒதுங்கிப் போயின. போலீஸ்காரர் ஒருவர் இரண்டு பெண்களை நிறுத்தி வாயை ஊதச் சொன்னார். அவ்வளவுதான் தொந்தரவு. நான்காவது வாரம் திங்கட்கிழமை, ரோஸ்லின் வளைந்து உள்ளே திரும்பிய அதே நொடியில், விட்ட இடத்தில் ஒரு கார் புகுந்து போனது. ஒரு சாண். அடுத்த நாளும் அப்படியே. எல்லோருக்கும் அப்படியே.

கோகிலவாணி ஆதிரனுக்குப் போன் செய்தாள்.

"நான் ஒண்ணுமே பண்ணலை மேடம்," என்றான் அவன். குரலில் உண்மையான வருத்தம் இருந்தது. "அதுவாக் கத்துக்கிச்சு. நீங்க சொல்லிக் கொடுத்ததுல ஒரு தாளம் இருக்கு. நாலு மிதிக்கு ஒரு வளைவு. எழுபது பேரும் ஒரே மாதிரி வளையறாங்க. நேரா ஓட்டற மாதிரிதான் இதுவும் அதுக்கு."

"வேற மாதிரி சொல்லிக் கொடுத்தா?"

"எதைச் சொல்லிக் கொடுத்தாலும் மேடம், நாலு பேர் ஒண்ணு போல செஞ்சா அதுக்குப் புரிஞ்சிரும்."

அதன் பிறகு அவள் வகுப்பு எடுக்கவில்லை. மைதானத்துப் பூட்டின் சாவி மேசை இழுப்பறையிலேயே கிடந்தது.

ஐந்து மாதம் கழித்துத் தாரணி வேலைக்குத் திரும்பினாள். செயற்கைப் பாதம் பொருத்தியிருந்தார்கள். பஸ்ஸில் போனால் இரண்டு இடத்தில் மாற வேண்டும், படியேறி இறங்குவதைவிட மிதிப்பது மேல் என்று சைக்கிளையே எடுத்தாள். வேண்டாமென்று எத்தனையோ பேர் சொன்னார்கள். முதல் நாள் கோகிலவாணி துணைக்குப் பின்னால் போனாள். நாலு பேர் கூடப் போனால் நல்லது என்று ரோஸ்லினும் மற்றவர்களும் சேர்ந்துகொண்டார்கள்.

தாரணியின் வலது கால் அழுத்தி மிதித்தது. இடது கால் சில சமயம் பெடலைப் பிடித்தது, சில சமயம் நழுவியது. ஒரு சுற்று வேகம், அடுத்த சுற்றில் இழுவை, திடீரென்று ஒரு சாய்வு, உடனே ஒரு உந்தல். அவளுக்கே அடுத்த மிதி எப்படி விழும் என்று தெரியாது. பின்னால் வந்த முதல் கார் வேகத்தைக் குறைத்து ரோட்டின் அந்த ஓரத்துக்கே போய்விட்டது. அடுத்ததும் போனது. தாரணிக்குப் பக்கத்திலும் பின்னாலும் ஒரு பெரிய வெட்டவெளி உண்டானது. அதற்குள் மற்றப் பெண்கள் அச்சமில்லாமல் ஓட்டிக்கொண்டு வந்தார்கள்.

விஷயம் பரவிவிட்டது. பத்து நாளில் தாரணியின் பின்னால் முப்பது சைக்கிள்கள் சேர்ந்துவிட்டன. அவள் எத்தனை மணிக்குக் கிளம்புகிறாள் என்று கேட்டுக்கொண்டு மற்ற ஆலைப் பெண்களும் வழியில் காத்திருந்தார்கள்.

"ஒரு காலு போயி முப்பது பேருக்கு ரோடு கெடச்சிருக்குதுங்க டீச்சர்," என்றாள் தாரணி ஒரு நாள், கேட்டில் இறங்கும்போது. அவளுக்கு அதில் சந்தோஷம்தான். முகம் மலர்ந்திருந்தது.

கோகிலவாணியால் அவள் முகத்தைப் பார்க்க முடியவில்லை. பத்து நாளாகத் தானும் அந்த வெட்டவெளிக்குள்தான் சொகுசாக வந்துகொண்டிருக்கிறாள். அந்தப் பாதத்தைக் குடையாகப் பிடித்துக்கொண்டு முப்பத்தொரு பேர் அதன் அடியில் நடக்கிற மாதிரி இருந்தது. ஆனால் மறுநாள் காலையும் அவள் போனாள். வேறு வழி தெரியவில்லை.

ஒரு வெள்ளிக்கிழமை சாயங்காலம் திரும்பி வரும்போது தாரணி பேச்சோடு பேச்சாகச் சொன்னாள்.

"புதன்கிழமை அந்த வழித்துணை ஆபீஸுல கூப்பிட்டிருந்தாங்க டீச்சர். வண்டி அனுப்பி வெச்சாங்க. ரொம்ப மரியாதையா நடத்துனாங்க. முட்டியில, இடுப்புல எல்லாம் பொத்தான் மாதிரி என்னமோ ஒட்டி, ரெண்டு மணி நேரம் சைக்கிள் மிதிக்கச் சொன்னாங்க."

கோகிலவாணி பிரேக்கைப் பிடித்து நின்றுவிட்டாள். "எதுக்குன்னு சொன்னாங்களா?"

"மாற்றுத்திறனாளிங்களோட பாதுகாப்புக்காகன்னு சொன்னாங்க. கையெழுத்து வாங்கிக்கிட்டாங்க. நீங்கதானுங்களே சொல்லுவீங்க, ரோட்டுல நம்மளை வண்டி நல்லாப் பாக்கணும்னு. நல்லாப் பாத்துக்கட்டும்னுதானுங்க போனேன்."

பின்னால் வந்த பெண்களும் ஒவ்வொருத்தியாக நின்றார்கள். ரோஸ்லின் கீழ்க்குரலில் ஏதோ கெட்ட வார்த்தை சொன்னாள். தாரணி ஒவ்வொரு முகமாகப் பார்த்தாள். பிறகு, அவளுக்கே புரிந்துவிட்டது.

"என்ற கால் நழுவறதையும் கத்துக்கிச்சுங்களா?"

கோகிலவாணி தலையசைத்தாள்.

"எப்ப இருந்துங்க?"

"திங்கக்கிழமை காலையில எல்லா வண்டிக்கும் புதுசாக் கத்துக்கிட்டதை ஏத்துவாங்க. போன தடவையும் திங்கக்கிழமைதான்."

தாரணி தன் இடது பாதத்தைக் குனிந்து பார்த்தாள். அழவில்லை. பிள்ளைகளுக்கு ஏதாவது வாங்க வேண்டும் என்று சொல்லி, முன்னால் மிதித்துக்கொண்டு போய்விட்டாள். அந்த இரண்டு நாளும் கோகிலவாணிக்கு ஒரு யோசனையும் வரவில்லை. கற்றுக்கொடுக்க அவளிடம் மிச்சம் ஒன்றும் இல்லை.

திங்கட்கிழமை எல்லோரும் வந்திருந்தார்கள். வராமல் இருக்க முடியாது, எட்டு மணிக்குக் கேட்டை மூடிவிடுவார்கள். தாரணி முதலில், கோகிலவாணி கடைசியில். சிங்காநல்லூர் சிக்னலைத் தாண்டியதும் ஒரு வெள்ளைக் கார் வந்தது. அது ஒதுங்கவில்லை. தாரணியின் கால் நழுவுகிற தருணத்துக்காகக் காத்திருந்ததுபோல, அது நழுவி முடிந்ததும் ஒரு சாணில் தாண்டிப் போனது. உள்ளே ஒருவர் வாயைத் திறந்து தூங்கிக்கொண்டிருந்தார். அடுத்து ஒரு கார். அதற்கடுத்து ஒரு வேன். ரோஸ்லினின் துப்பட்டா அதன் காற்றில் இழுபட்டது.

சாக்கடை மூடி உடைந்திருந்த இடம் அங்கிருந்து இருநூறு அடியில் இருந்தது. இன்னும் அதைச் சரிசெய்யவில்லை.

அதற்கு முன்னாலேயே தாரணி தோளுக்கு மேல் திரும்பிப் பார்த்தாள். வலது கையை நீட்டிக் காட்டினாள். பிறகு வெள்ளைக் கோட்டைத் தாண்டி, ஓரத்தை விட்டு, ரோட்டின் நட்டநடுவுக்கு வந்தாள். ஆட்டமில்லை, அவசரமில்லை. தன் கால் மிதிக்கிற வேகத்தில் போனாள்.

கோகிலவாணியின் கை தானாக விசிலுக்குப் போனது. கோட்டைத் தாண்டாதே என்பது அவள் கற்றுக்கொடுத்த முதல் பாடம். விசில் உதட்டில் பட்டது. ஊதவில்லை. அதற்குள் ரோஸ்லின் கை காட்டிவிட்டு நடுவுக்குப் போயிருந்தாள். பிறகு ஒருத்தி, பிறகு மூன்று பேர் சேர்ந்தாற்போல். முப்பது சைக்கிளும் ரோட்டை அடைத்துக்கொண்டன. கடைசியாகக் கோகிலவாணியும் கோட்டைத் தாண்டினாள்.

அவளுக்குப் பின்னால் ஒரு கார் வந்து வேகத்தைக் குறைத்தது. தாண்டுவதற்கு ஒரு சாண்கூட இல்லை. "தயவுசெய்து இடதுபுறம் செல்லவும்," என்று ஒரு பெண் குரல் இனிமையாகச் சொன்னது. "உங்கள் பாதுகாப்பே எங்கள் விருப்பம்." அதே வாக்கியத்தை அடுத்த காரும் சொன்னது, அதற்கடுத்ததும் சொன்னது. கொஞ்ச நேரத்தில் சிங்காநல்லூர் வரைக்கும் நூற்றுக்கணக்கான வண்டிகள் ஒரே குரலில் வேண்டிக்கொண்டு ஊர்ந்தன. உள்ளே தூங்கியவர்கள் விழித்துக்கொண்டார்கள். கண்ணாடியை இறக்கி ஒரு ஆள் என்னம்மா இது என்று கேட்டார். பெண்கள் மிதித்துக்கொண்டே போனார்கள்.

ஆலை கேட்டுக்குக் கொஞ்சம் முன்னால் போலீஸ் எஸ்.ஐ. பைக்கில் வந்து குறுக்கே நிறுத்தினார். சாலைப் பாதுகாப்பு வாரத்தில் வருஷா வருஷம் கோகிலவாணியைக் கூப்பிட்டுப் பேசச் சொல்பவர் அவர். எல்லோரையும் இறங்கச் சொன்னார். கோபத்தைவிட அவருக்கு ஆச்சரியம்தான் அதிகமாக இருந்தது.

"கோட்டுக்குள்ள போற பொம்பளைங்கதானே நீங்கெல்லாம். யாரு உங்களுக்கு இதைச் சொல்லிக் கொடுத்தது?"

கேட்டுக்கொண்டே அவர் கோகிலவாணியைப் பார்த்தார். நான்தான் என்று சொல்ல அவள் வாயைத் திறந்தாள். தாரணி முந்திக்கொண்டாள்.

"யாரும் சொல்லித் தரலீங்க," என்றாள்.

"அப்புறம் எப்படி முப்பது பேரும் ஒரே மாதிரி வந்தீங்க?"

"எனக்கு யாரும் சொல்லித் தரலீங்க," என்றாள் ரோஸ்லின். பக்கத்திலிருந்தவளும் அதையே சொன்னாள். வழக்கு எழுத வேண்டியிருந்ததால் எஸ்.ஐ. ஒவ்வொருத்தியிடமும் பெயர் கேட்டு எழுதிக்கொண்டே அந்தக் கேள்வியையும் கேட்டார். மணி எட்டைத் தாண்டியது. கேட் மூடும் சத்தம் கேட்டது. ஒருத்தியும் அந்தப் பக்கம் திரும்பவில்லை. வரிசை முடிந்து அவர் கடைசியில் நின்றவளிடம் வந்தார்.

"நீங்களாவது உண்மையைச் சொல்லுங்க டீச்சர். யாரு சொல்லிக் கொடுத்தது?"

கோகிலவாணி வரிசையின் முதலில் நின்ற தாரணியைப் பார்த்தாள்.

"எனக்கும் யாரும் சொல்லித் தரலீங்க," என்றாள். "இப்பத்தான் பாத்துக் கத்துக்கிட்டேன்."